தோட்டக்காரன் பெட்டி துபாய்க்குப் போன கதை

1

யூசுப், ரஹ்மத்,

போன வெள்ளிக்கிழமை நான் போன் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக டெலிபோன் பூத்துக்குப் போனேன். சார்ஜாவில் வெள்ளிக்கிழமைதான் எல்லாரும் ஊருக்குப் பேசுகிற நாள். வரிசை வெயிலில் சாலை வரைக்கும் நீளும். முன்னால் இருப்பவன் அழுதுகொண்டே பேசினால் பின்னால் நிற்பவன் ஒன்றும் சொல்ல மாட்டான். சிரித்துச் சிரித்துப் பேசினால்தான் கண்ணாடியைத் தட்டி, "போதும், வை" என்பான்.

போனை எடுத்ததும் உம்மா சொன்னாள். "சங்கரன் அண்ணனோட அப்பா மௌத்தாயிட்டாங்களாம். நேத்து சாயங்காலம். பேட்டை பூரா அதான் பேச்சு."

பெரியவர் இறந்துவிட்டார், துக்கம் கேட்க நம் வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன், யூசுப்.

"நான் வர முடியாதுல்லா. வாப்பாவுக்குப் பதிலா நீ போயி துட்டி கேட்டுட்டு வா. வாப்பா அனுப்புனாங்கன்னு சொல்லு."

வரிசையின் இரைச்சலில் உனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது வாப்பா. நான் போவல."

"ஏன்?"

"அவங்க வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? அவங்க மிஷின வித்துட்டுத்தான் நீங்க சார்ஜாவுக்குப் போனியளாம். அவங்க மவன் முத்துக்குமாரே சொல்லுதான். கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"எப்பலேர்ந்து சொல்லுதான்?"

"அஞ்சாப்புலேர்ந்து."

நீ இப்போது எட்டாம் வகுப்பு. இத்தனை வருஷமாக நான் போன் பேசும்போதெல்லாம் "நல்லாருக்கேன் வாப்பா", "படிக்கேன் வாப்பா", "உம்மாட்ட குடுக்கேன்" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவாய். வளர்ந்த பையன், கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரூமில் இருக்கிற மற்றவர்களும், "எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், நம்மள மறந்துரும்" என்றார்கள். நீ மறக்கவில்லை. மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு என்னோடு பேசியிருக்கிறாய்.

நான் பதில் சொல்வதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. தீராமல் இருந்தாலும் அந்தப் பூத்தில் நின்று சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் முடித்து ஐ.டி.ஐ.யில் தகர வேலை படித்தவன். எழுதிப் பழக்கமில்லாதவன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரஹ்மத்துக்குப் புரியாத இடத்தை நீ விளக்கிச் சொல்.

2

பேட்டை தொழிற்பேட்டையில் கடைசி வரிசையில், வேப்பமரத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கிற ஒரு ஷெட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் கம்பெனி. நாங்கள் மூன்று பேர்.

சங்கரன் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். சேரன்மகாதேவிப் பக்கம் பெரிய வயல்காரக் குடும்பம். அவன் தலையெடுத்தபோது வயல் பெரும்பாலும் கைவிட்டுப் போயிருந்தது. வேலைக்குச் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். "எல்லாரும் போயிட்டா இங்கன யாரு இருக்கது?" என்று பேட்டையிலேயே நின்றுவிட்டான். செல்லத்துரை அண்ணாச்சி திசையன்விளையில் மோட்டார் பம்ப்செட் கடை வைத்திருந்தவர். விற்பது அவர் பாடு. பெட்டி செய்வது என் பாடு. பெட்டிக்குள் இருப்பது சங்கரன் பாடு.

அந்தப் பெட்டிக்கு 'தோட்டக்காரன்' என்று பெயர் வைத்தோம். திசையன்விளைப் பக்கம் செம்மண் காடு. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நேரத்தில் ஓடிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். ஒரு முனை விட்டுப்போயிருந்தால் மோட்டார் எரிந்துவிடும். கிணற்றில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓடினாலும் எரிந்துவிடும். மனுஷர்கள் மோட்டார் ரூமிலேயே சாக்கை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். எங்கள் பெட்டியை மாட்டிவிட்டால் கரண்ட் சரியாக வந்திருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அதுவே பார்த்து மோட்டாரைப் போடும், அதுவே நிறுத்தும். இதெல்லாம் தனித்தனியாகக் கடையில் கிடைக்கும்தான். ஒரே பெட்டியில், அந்த விலையில், அன்றைக்குக் கிடையாது.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் மூடிய பெட்டியை ஒருத்தன் வாங்க மாட்டான். "தொறந்து காட்டும்வே" என்பான். திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகத் தொட்டு, இது எதற்கு, இது போனால் என்ன ஆகும் என்று கேட்டு, அவனுக்குத் திருப்தியானால்தான் கை மடியில் போகும். அதனால் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் கதவுபோலத் திறக்கிற மாதிரி மூடி செய்தேன். சங்கரன் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு பாடம் நடத்துவான். படிக்காத விவசாயிக்கும் புரியும். அதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். அண்ணாச்சி பக்கத்தில் நின்று, "ஏ சங்கரா, அவரு மோட்டாருக்குப் பெட்டி கேட்டு வந்தாரா, பரீச்சைக்குப் படிக்க வந்தாரா? விடுலே" என்று சத்தம் போடுவார்.

விற்கிற முறையும் அப்படித்தான். முதலில் பெட்டியைத் தோட்டத்தில் மாட்டிவிட்டு வருவோம். "ஒரு போகம் பாத்துட்டுச் சொல்லுங்க" என்போம். பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் பெட்டி. கையெழுத்து எதுவும் கிடையாது. கையெழுத்துக் கேட்டால், "என்னய நம்பலயா?" என்று கோபித்துக்கொள்வார்கள். இட்டமொழிக்காரர் ஒருவர், பெட்டி தனக்குச் சரிப்படவில்லை என்று மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பேட்டை வரைக்கும் வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் கண்ட உலகம் அது.

பெட்டியின் தலைப்பில் ஒரு சின்னக் கொக்கியும் வைத்தேன். ஏனென்றால் வாங்கியவர்கள் எல்லாரும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட ஆணியால் என் தகரத்தைக் குத்தி ஓட்டை போட்டார்கள். நம்ம ஆட்கள் தாயத்துக் கட்ட ஓட்டை போட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து நானே ஒரு கொக்கி வைத்துவிட்டேன். சங்கரன் சிரித்தான். "மெஷின் நான் செய்யுதேன், மிளகாய்க்கு இடம் நீரு செய்யுதீரு."

3

சங்கரனின் அப்பாவைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு அவரைக் கோபக்காரராகத்தான் தெரியும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி அடிக்கடி ஷெட்டுக்கு வருவார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, கையில் குடை. வந்ததும் மகனிடம் பேச மாட்டார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நான் தகரம் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏ காதரு, இந்த மூலைய எப்படிலே மடக்குத? கையி வெட்டிராதா?"

"பழக்கம்தான் ஐயா."

"என் மவனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. நீ இல்லன்னா அவன் பெட்டிய காயிதத்துல சுத்தித்தான் விக்கணும்."

சங்கரன் அந்தப் பக்கமிருந்து, "கேக்குதுப்பா" என்பான்.

"கேக்கத்தான் சொல்லுதேன்."

நோன்பு மாதத்தில் வந்தால் எனக்கு எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். ஷெட்டைப் பெரிதாக்கவும் துபாய்க்குப் போகவும் பணம் வேண்டியிருந்தபோது, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் மிச்சமிருந்த கடைசி வயலை விற்றுக் கொடுத்தவர் அவர்தான். அந்த வயலுக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்று ஒரு சாண் மண் கிடையாது. விற்ற அன்றைக்கும் ஷெட்டுக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தகரம் வெட்டுவதைப் பார்த்தார். வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

4

துபாயில் ஒரு பெரிய தொழில்நுட்பப் பொருட்காட்சி நடக்கிறது, சிறுதொழில் செய்கிறவர்களுக்குக் கடை போடச் சலுகை உண்டு என்று சங்கரன் எங்கேயோ விசாரித்துவிட்டு வந்தான். அந்தப் பக்கத்துப் பேரீச்சந் தோட்டங்களிலும் கிணறும் மோட்டாரும்தானே. ஒரு ஆர்டர் பிடித்தால் போதும் என்று தோன்றியது. யூசுப், நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. ரஹ்மத் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

மூன்று பேரும் போவதாகத்தான் ஏற்பாடு. அண்ணாச்சிக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ரேஷன் கார்டில் ஒரு பிறந்த தேதி. பாஸ்போர்ட் நேரத்துக்கு வரவில்லை. "எங்க அம்மைக்கே நான் என்னைக்குப் பொறந்தேன்னு தெரியாது, இவனுகளுக்கு எப்படிலே தெரியும்?" என்று ஜங்ஷனில் நின்று திட்டினார். கடைசியில் எங்களை வழியனுப்ப வந்தவர், "இங்கிலீசு சங்கரன் பேசட்டும். ஸ்குரு காதர் கழத்தட்டும். போயிட்டு வாங்க" என்றார்.

அந்த மண்டபத்தை எப்படிச் சொல்வது? நெல்லையப்பர் தேரோட்டக் கூட்டத்தை ஒரு கூரைக்குள் அடைத்து, ஏசி போட்டு, சத்தத்தை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு கடையிலும் பளபளவென்று இயந்திரங்கள். ஒன்றுக்காவது மூடி திறந்திருக்க வேண்டுமே. கிடையாது. பக்கத்தில் வழவழத் தாளில் அச்சடித்த புத்தகம், கிண்ணத்தில் மிட்டாய். நாங்கள் வாடகைக்குக் கிடைத்த மேஜையில் மீன்தொட்டி ஒன்றை வாங்கி வைத்து, அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு சின்ன மோட்டாரைப் போட்டு, இரண்டு தோட்டக்காரன் பெட்டிகளைத் திறந்துவைத்தோம். எங்கள் இடம் கழிவறைக்குப் போகிற வழியில் இருந்தது. முதல் நாள் எங்களிடம் பேசியவர்கள் எல்லாரும் கழிவறைக்கு வழி கேட்டவர்கள்தான். சங்கரன் வழியைச் சொல்லிவிட்டு, "சார், ப்ளீஸ் ஸீ அவர் மெஷின்" என்பான். அவர்கள் அவசரத்தில் இருப்பார்கள்.

"திரும்பி வரும்போது பாப்பாங்க" என்றேன்.

"திரும்பி வரும்போது வேற வழியால போயிருதானுகவே" என்றான் சங்கரன்.

பக்கத்துக் கடையில் வர்கீஸ் என்று ஒரு மலையாளி. சார்ஜாவில் ஏசிக் காற்று போகிற தகரக் குழாய் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அவர் எங்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. மூடியின் கீலைத்தான் பார்த்தார். இரண்டு தடவை திறந்து மூடினார். "இது ஆரு செய்தது?" என்று கேட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தணிந்த குரலில், "காதரே, இவிடே யாரும் மூடி திறந்து வைக்கில்லா. அடச்சு வை" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "மூடி வச்சா யாரு சார் வாங்குவா?"

5

அடுத்த நாள்தான் அந்த ஆட்கள் வந்தார்கள். டை கட்டிய பெரியவர் ஒருவர், கூட இரண்டு இன்ஜினீயர்கள். எந்த நாட்டுக்காரர்கள், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். திறந்திருந்த பெட்டிக்கு முன்னால் நின்று, உள்ளே பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார்கள். சங்கரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்த இடத்தில் சரியான கேள்வி கேட்கிற ஆள் அவனுக்கு அப்போதுதான் கிடைத்தான்.

மதியச் சாப்பாடு மறந்து பேசினான். எந்த உறுப்பு எதற்கு, ஏன் இந்த அளவு, முதலில் எதைப் போட்டுத் தோற்றுப்போனான், பிறகு எப்படிச் சரிசெய்தான், எல்லாம். ஒரு இன்ஜினீயர் எழுதிக்கொண்டே வந்தார். சங்கரன் அவருக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எழுதியதில் ஓரிடத்தில் தப்பு இருந்ததைக்கூட அவனே திருத்திக் கொடுத்தான். நானும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கிணற்றுக்குள் தொங்கவிடும் கம்பிகளைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்து, உப்புத் தண்ணீரில் அரிக்காமல் இருக்க நுனியில் என்ன பூசுகிறோம் என்று கையைக் காட்டிச் சொன்னேன். ஓடிப்போய் டீ வாங்கி வந்தேன். அவர்களைக் கடைக்கு வந்தவர்களாக நாங்கள் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களாக நினைத்தோம்.

கடைசி நாள் மறுபடியும் வந்தார்கள். பெட்டியைத் தோட்டத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும், இரண்டையும் விட்டுவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார்கள். சங்கரன் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? நாங்கள் என்றைக்கும் விற்கிற முறைதானே. சங்கரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "யூ ஸீ ஒன் ஸீசன், அண்ட் டெல்" என்றான். ஒரு போகம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அர்த்தம். கையெழுத்துக் கேட்கவில்லை. நான் இரண்டு பெட்டியையும் துடைத்துச் சாக்கில் சுற்றிக் கட்டினேன். அவன் தன் கையால் அவர்களிடம் எடுத்துக் கொடுத்தான்.

ஊர் திரும்பியபோது திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சுங்கக்காரர்கள் எங்களை உட்கார வைத்துவிட்டார்கள். காட்சிக்கு என்று எழுதிக் கொண்டுபோன சாமானைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமாம்.

"ரெண்டு பெட்டி போயிருக்கு. எங்க அது?"

"சாம்பிள் பாக்கக் குடுத்திருக்கோம் சார்" என்றான் சங்கரன்.

"என்ன எழுதி வாங்கினீங்க?"

"எழுதி வாங்கல சார்."

அந்த அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார். எழுதி வாங்கியிருக்க வேண்டுமோ என்று அப்போதுதான் எனக்கு முதல் முறையாகத் தோன்றியது.

6

ஒரு போகம் போயிற்று. இன்னொரு போகமும் போயிற்று. ஜங்ஷனில் ஒரு கடையில் பேக்ஸ் வரும். சங்கரன் தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான். முதலில் இரண்டொரு பதில் வந்தது: பார்த்துக்கொண்டிருக்கிறோம், சொல்கிறோம் என்று. பிறகு அதுவும் நின்றது. ஆர்டர் வரும் என்று நம்பி ஷெட்டில் செய்து அடுக்கியிருந்த பெட்டிகளில் தூசி ஏறியது. அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "தம்பிகளா, எனக்கும் பிள்ளைக இருக்கு" என்று சொல்லி விலகிக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

சங்கரனின் அப்பா, பெரியவர், பஸ் ஏறி வருவது மட்டும் நிற்கவில்லை. "காயிதம் வந்துச்சாலே காதரு?" என்பார். இல்லை என்றால் குடையைத் தரையில் ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் எனக்கு வர்கீஸிடமிருந்து விசா வந்தது. அவர் பார்த்தது என் கீலை. அந்த மூன்று பேருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஊருக்கு எப்படித் தெரியும்? காதர் துபாய்க்குப் போனான், பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தான், கொஞ்ச நாளில் அவனுக்கு அங்கிருந்து விசா வந்தது. இப்படி வரிசையாகச் சொன்னால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்.

பஸ் ஸ்டாண்டுக்குச் சங்கரன் வந்திருந்தான். என் துணிப்பெட்டியை அவனே தூக்கி மேலே போட்டான். "அங்கன போனதும் அந்த ஆளு ஆபீஸ ஒரு எட்டு பாத்துட்டுச் சொல்லும்வே" என்றான். வந்த முதல் மாதமே போனேன். கண்ணாடிக் கதவு. உள்ளே இருந்த பெண், நீங்கள் சொல்கிறவர் இப்போது இங்கே இல்லை என்றாள். அதற்குமேல் கேட்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

அன்றிலிருந்து என் பாடு உங்களுக்குத் தெரியும். விடிகிற நேரத்தில் கம்பெனி வண்டி. பட்டறையில் தகரம் வெட்டு, மடக்கு, ஆணி அடி. கட்டடம் கட்டடமாகக் கூரைக்குள் நுழைந்து குழாயை மாட்டு. நான் செய்கிற குழாய் வழியாகக் குளிர்காற்று போகும். மாட்டுகிற எனக்கு வேர்க்கும். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். லீவு முறை வந்தால்தான் கைக்கு வரும். லேபர் கார்டு புதுப்பிக்கப் போனால் டைப் அடிக்கிற கடையில் என் பெயரை அரபியில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அடிப்பான். காதர் என்றும் காதிர் என்றும் கதீர் என்றும் இருந்திருக்கிறேன். ரஹ்மத், நான் போனில் "மதி, மதி" என்றால் நீ சிரிக்கிறாய். அது மலையாளத்தில் போதும் என்பது. பட்டறையில் நாள் முழுக்க அதைத்தான் பேசுகிறோம். வாய் அதற்குப் பழகிவிட்டது, என்ன செய்ய?

7

ஒரு நாள் பட்டறைக்குத் துளை போடுகிற ஊசி வாங்க ஒரு சாமான் கடைக்குப் போனேன். மோட்டார் சாமான்கள் இருந்த தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. கைக்கு அடக்கமாக, அழகாக இருந்தது. மூடியில் திருகாணி இல்லை. நாலு பக்கமும் கழற்ற முடியாத ரிவெட் ஆணி அடித்து மூடியிருந்தது. அதன் தலைப்பில் ஒரு சின்னக் கொக்கி.

கடைக்காரனிடம் கொக்கியைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டேன். அவன் புரட்டிப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றான். கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான், ஏதாவது உபயோகம் இருக்கும் என்றான்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஊசியை வாங்காமலே வந்து சங்கரனுக்குப் போன் செய்தேன்.

"சங்கரா, நம்ம பெட்டிய இங்க கடையில விக்கான்."

நானே தொடர்ந்து சொன்னேன்.

"மூடிய ஆணி அடிச்சு மூடிட்டான். வேற பேரு போட்டிருக்கான்."

"கொக்கி இருக்காவே?"

"இருக்கு."

அவன் சிரித்தான். முதலில் சிரிப்பு என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் கண்ணாடியைத் தட்டவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

பிறகு அவன் சொன்னான். "காதரு, அப்பா ஒருநாள் கேட்டாவ, பெட்டிய யாருலே அவன்ட்ட குடுத்ததுன்னு. எனக்கு வாய் வரல. அவுகளாவே, காதர் தான குடுத்தான்னு சொல்லிட்டாவ. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல."

"இல்லன்னு சொல்ல வேண்டியதுதானவே."

"அந்த வயல வித்துக் குடுத்தவுகட்ட, என் கையாலதான் தூக்கிக் குடுத்தேன்னு எப்படிவே சொல்ல? நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில கெடந்துட்டு, இப்பதான் எந்திரிச்சு உக்காந்திருக்காவ."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்றால் ரொம்ப நேரமில்லை. எனக்கு அந்த ஸ்டூலும் குடையும் வேப்பமரத்தடியும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

"சரி. அப்படியே இருக்கட்டும்."

"அவுக இருக்குத வரைக்கும்தான்."

"சரின்னு சொல்லிட்டேன்லாவே. வை."

ஒரு வீட்டுக்குள், ஒரு கிழவர் மனசுக்குள் மட்டும் இருக்கப் போகிற விஷயம் என்று நினைத்தேன். அது கால் முளைத்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும், என் மகன் உட்கார்ந்திருக்கிற வகுப்புக்குள் நுழையும் என்று தோன்றவில்லை. அன்றைக்குப் பிறகு சங்கரன் என்னோடு பேசவில்லை. நான் போன் போட்டாலும் எடுக்கவில்லை. அவனுக்கு என்மேல் கோபமில்லை என்று எனக்குத் தெரியும். கோபமிருந்தால் பேசிவிடலாம்.

நீ அஞ்சாப்பு படிக்கும்போது நான் லீவில் வந்திருந்தேனே, யூசுப், அப்போது நடந்தது உனக்கு நினைவிருக்கும். பேட்டை பஸ் நிறுத்தத்தில் பெரியவர் நின்றார். நீ என் கையைப் பிடித்திருந்தாய். நான் பக்கத்தில் போய், "ஐயா, நல்லாருக்கியளா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வெயிலே இல்லை. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பைய நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நீ கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நீ கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

8

இப்போது பெரியவர் இல்லை. நான் கொடுத்த வாக்கும் முடிந்துவிட்டது. அதனால் சொல்லிவிட்டேன். உன் வாப்பா எதையும் விற்கவில்லை. சங்கரன் மாமாவும் விற்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த மாதிரி வியாபாரம் செய்தோம். அது அங்கே செல்லுபடியாகவில்லை.

நீ இனி வகுப்பில் எழுந்து நின்று, முத்துக்குமாரைப் பார்த்து, பெட்டியைக் கொடுத்தது என் வாப்பா இல்லை, உன் அப்பா என்று சொல்லலாம். அது உண்மை. உனக்கு அந்த உரிமை இருக்கிறது. இத்தனை வருஷம் நீ கேட்டுக்கொண்டிருந்ததற்கு அது நியாயமும்கூட. சொல்லாதே என்று நான் உத்தரவு போடவில்லை.

ஆனால் ஒன்றை யோசி. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. தாத்தா வாயிலிருந்து கேட்டதைச் சொன்னான். தாத்தா சொன்னால் அவனுக்கு அது உண்மை. சொந்த வாப்பாவைப் பற்றி மனசுக்குள் ஒரு கெட்ட எண்ணத்தை வைத்துக்கொண்டு, சாப்பிட்டு, தூங்கி, பரீட்சை எழுதி, வெள்ளிக்கிழமை போனில் "நல்லாருக்கேன்" என்று சொல்வது எப்படியிருக்கும் என்று அந்த வகுப்பில் உனக்குத்தான் தெரியும். அது எப்படியிருக்கும் என்று அவனுக்கும் தெரிய வேண்டுமா? எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னிடமே விட்டுவிடுகிறேன். நீ எதைச் செய்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். நீ என்னை நம்பினாயா என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும்.

மேலப்பாளையத்து நாகூர்கனி நாளைக்கு ஊருக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முன்பே உனக்குக் கிடைத்துவிடும். போகலாம் என்று தோன்றினால் ரஹ்மத்தையும் கூட்டிக்கொண்டு போ. சங்கரன் மாமா வாசலில் இருந்தால், வாப்பா அனுப்புனாங்க என்று சொல். அவர் உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவரால் முடியாது. உள்ளே முத்துக்குமார் இருப்பான். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா. பெட்டியைப் பற்றி ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவனுக்குத் தாத்தா இறந்திருக்கிறார்.